அம்புஜவல்லி பெங்களூர் போகவில்லை

எங்கள் தெருவில் அடிக்கடி கரண்ட் போய்விடும். எல்லாரும் திட்டுவார்கள், என் மனைவி அம்புஜவல்லிக்கு மட்டும் சந்தோஷம். மாடியில் பாயை விரித்து வானத்தைப் பார்த்தபடி கிடப்பாள். பீங்கான் ஆலையின் சூளைப் புகை எந்தப் பக்கம் போகிறதோ, அதை விட்டு மறுபக்க வானத்தைப் பார்ப்பாள்.

அவள் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தந்தாள். சுப்புராயனாகிய நான், பீங்கான் ஆலையில் மெருகுப் பூச்சு கலக்கும் பிரிவில் மேற்பார்வையாளன். இன்ஸ்பெக்டர் ஐயா, எங்களுக்குள் சண்டையே கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுபத்திரண்டில் பெங்களூரில் ஆராய்ச்சி செய்ய அவளுக்கு இடம் கிடைத்தது. குவாசர் பற்றிய ஆராய்ச்சி. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். சோறு பிசைந்துகொண்டே சொன்னாள்.

"ரொம்பத் தூரத்துல இருக்குதுங்க. ஒரு நட்சத்திரக் கூட்டத்தோட நடுவுல உக்காந்துக்கிட்டு, அந்தக் கூட்டம் மொத்தத்தையும் விடப் பிரகாசமா எரியுது. அதுலேர்ந்து வாயு பயங்கர வேகத்துல வெளிய வருது. வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாத்தா தெரியுதுங்க."

"அப்புறம்?"

"சுத்தி இருக்கிற வாயுவையும் அது தள்ளிக்கிட்டுப் போயிடும்னு நெனைக்கிறேன். அந்தக் கூட்டத்துல புதுசா நட்சத்திரம் பொறக்க ஒண்ணும் மிஞ்சாது. நெசமா இல்லியான்னு கணக்குப் போட்டுப் பாக்கணும்."

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை.

"அப்போ நம்ம வூடும் அப்படித்தான் ஆவும்," என்றேன்.

அவள் சிரித்தாள். "அது வானத்துல நடக்குறதுங்க. நம்ம வூட்டுக்கும் அதுக்கும் என்ன? லீவுக்கு லீவு வந்துடப் போறேன்."

படித்தவள், தான் சொன்னதன் அர்த்தம் தனக்கே தெரியாமல் பேசினாள். எனக்குத் தெரிந்தது.

பூச்சில் சேர்க்கும் ஈயப்பொடியை ஆலையிலிருந்து கொஞ்சம் எடுத்து வந்தேன். அவள் கஞ்சியில் கலந்தேன். கெடுதல் செய்யும் எண்ணமில்லை. உடம்புக்கு முடியாவிட்டால் பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வயிற்றுவலி வந்தது. பிறகு மணிக்கட்டு தொங்கிப்போய், சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை. சித்திரையில் அவளே சொன்னாள்: "நான் போவலீங்க. வர முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அதன் பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. குணமானால் மறுபடி கிளம்பியிருப்பாள். அதோடு, அந்த மாதங்களைப் போல நாங்கள் என்றைக்கும் நெருக்கமாக இருந்ததில்லை. தலை வாரிவிட்டேன். தோளில் சாய்த்து மாடிக்கு அழைத்துப்போனேன். பார்வை மங்கியபோது, வானத்தில் என்ன தெரிகிறது என்று என்னிடம்தான் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன்.

கடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் ஈறில் ஒரு நீலக் கோட்டைப் பார்த்தார்.

"இந்தம்மா ஈயத்துல வேலை செய்யறாங்களா?"

"இல்லீங்க, நான்தான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் அவள் இறந்துபோனாள்.

கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் எனக்குப் பயந்து வாழ்ந்தாள் என்று அவளுடைய அம்மா பெரியம்மாள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். திட்டக்குடியிலிருந்து வந்து அந்த அம்மா கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினாலும் அவள் வாயைத் திறக்கமாட்டாள். நான் ஊட்டினால்தான் குடிப்பாள். என்மேல் அவ்வளவு பிரியம்.