வரிசையில் முன்னால் ஒருவர்

— ஆறு மணிக்கு வாசகசாலைக் கதவைத் தொறப்பேன். கூட்டுவேன். பானையில தண்ணி மாத்துவேன். ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போயி மத்த ஊர்ப் புத்தகமும் சீட்டும் வர்ற தகரப் பொட்டியை வாங்கிட்டு வருவேன். புத்தகம் கேட்டு எழுதுன சீட்டுகளை ஊர் வாரியாப் பிரிப்பேன். முத்திரை குத்துவேன். எட்டு மணிக்குச் சோறு. இன்னிக்கும் அப்படித்தான். நீங்க கேக்கற புத்தகம் வரல.

— ஏனுங் தம்பி, நீங்க சோறு உண்டதையெல்லாம் நான் கேட்டனா? பொட்டியில இருந்துச்சா இல்லியான்னு ஒரு வார்த்தை கேட்டேன்.

— இல்லீங்க. இன்னிக்குத் திங்கக்கெழமை. பொம்பளைங்களுக்குப் புதன்கெழமை மத்தியானம்தான் நேரம்.

— வவுத்துல இருக்கற புள்ளை புதன்கெழமை பாத்துத்தான் வெளிய வருமாக்கும்?

— நீங்க எந்த ஊருங்க?

— மூணாந்தடவை வாரேன், மூணு தடவையும் இதையே கேக்கறீங்க. அவிநாசி. வள்ளியாத்தாள். மருத்துவச்சி. ஆசுபத்திரியில ஆறு மாசம் பழகி, படிச்சு, சர்டிபிகேட்டு வாங்குனவ. எழுதிக்கங்க, அப்பவாச்சும் மறக்காது.

— எழுதியிருக்கு. செப்டம்பர் ஒண்ணாந்தேதிச் சீட்டு. பிரசவப் புத்தகம். பொள்ளாச்சி வாசகசாலையோடது. நாலு ஊர் வாசகசாலைக்கும் சேத்து அது ஒண்ணுதான் இருக்கு. ஒருத்தருக்குப் பதினாலு நாள். வரிசைப்படிதான் போகும்.

— வரிசை நல்லதுதானுங்க. நானும் நின்னுதானே கெடக்கறேன். ஆனா ராசாத்தாளு நிக்கமாட்டாளே. பத்தொம்பது வயசு. ஒம்பதாம் மாசம் பொறந்து பத்து நாளாச்சு. புள்ளை குறுக்கால கெடக்குது.

— ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டு வந்தா என்னங்க?

— மாமியாக்காரி உடோணுமே! ஆம்பளை டாக்டர் தொடறதுக்கா மருமகளைக் கொண்டாந்தேன்ங்கறா. லேடி டாக்டரம்மாவோ லீவு. தீவாளி கழிச்சுத்தான் வாராங்களாம். அவிய வாரதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சுபோயிரும், ஒண்ணு அப்படி, இல்லாட்டி இப்படி.

— நீங்கதான் படிச்சவங்களாச்சே.

— குத்திக்காட்டறீங்களாக்கும். வலி எடுக்கறதுக்கு மின்னாடி, வெளிய இருந்தே கையால தள்ளித் தள்ளித் திருப்போணும். பழகுன காலத்துல ஒரே ஒரு தடவை பாத்தேன். டாக்டரம்மா மொதல்ல தலையத் தள்ளுனாங்களா, கால்மாட்டைத் தள்ளுனாங்களா, எந்தக் கை மேல, எந்தக் கை கீழ, அது மறந்துபோச்சு. தப்பாத் தள்ளுனா கொடி சுத்திக்கும். அந்தப் புத்தகத்துல படம் படமாப் போட்டிருக்குது. ஒரு பொழுது குடுத்தாப் போதும் தம்பி. இங்கயே ஒக்காந்து பாத்துட்டுக்கூடப் போயிடறேன்.

— வரலீங்க.

— சித்த என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— வரல.

— அப்ப இந்தக் கார்டை நீங்களே படிங்க. பொள்ளாச்சி வாசகசாலை சுந்தரராஜுலு எழுதுனது. சனிக்கெழமைதான் வந்துச்சு.

— எதுக்கு அவருக்கு எழுதுனீங்க?

— இங்க கேட்டா வரல வரலங்கறீங்க. புத்தகத்துக்குச் சொந்தக்காரங்களையே கேட்டுப்போட்டேன். உரக்கப் படிங்க.

— 'மேற்படி புத்தகம் ஆகஸ்டு இருபத்தேழாந்தேதி கோயம்புத்தூருக்கு அனுப்பப்பட்டது. அப்புசாமி என்று கையெழுத்திட்ட ரசீது எம்மிடம் உள்ளது. இன்னும் திரும்பி வரவில்லை. வரும் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் எங்கள் வாசகசாலை இந்தக் கூட்டிலிருந்து விலகிக்கொள்ளும்.'

— அப்புசாமிங்கறது யாருங்க?

— நாந்தான்.

— அப்ப புத்தகம் வந்துச்சு.

— வந்துச்சு.

— முப்பத்தஞ்சு நாளைக்கு மேல ஆச்சு.

— முப்பத்தொம்பது.

— மூணு தடவை பஸ்ஸேறி வந்தேன் தம்பி! போன ரெண்டு தடவையும் பொட்டியைத் தொறந்து காட்டுனீங்களே! அதுல இல்லாத புத்தகத்தை நானும் கிறுக்கியாட்டக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன்!

— பொட்டியில இல்லைன்னுதான் சொன்னேன். அது நெசந்தானுங்க.

— நெசமாம்! புத்தகம் இப்ப எங்க?

— இந்த மேசை டிராயர்ல.

— கெரகமே. எடுங்க.

— முடியாதுங்க. உங்களுக்கு முன்னால ஒரு சீட்டு இருக்கு.

— யாருது?

— அவிநாசிச் சீட்டுத்தான்.

— எங்கூர்லயா? தொல்லை உட்டுது. பேரைச் சொல்லுங்க, நான் போயி கையக் காலப் புடிச்சு வாங்கிக்கறேன். பத்து மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குது.

— அவங்க வந்து வாங்கணும். இல்லாட்டி வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கோடு போட்டு அடிக்கணும். ரெண்டும் நடக்கல. அதுவரைக்கும் சீட்டு வரிசையிலதான் இருக்கும். விதி அப்படி.

— அதுதான் தம்பி, பேரைச் சொல்லுங்க. அடிக்க வெக்கறேன்.

— முடியாது.

— ஏன் முடியாதுங்கறேன்? அவிநாசியில நான் கால் வெக்காத ஊடு ஒண்ணு இருக்குதா?

— சாந்தாமணி.

— எந்தச் சாந்தாமணி?

— சென்னிமலைக் கவுண்டர் மகள்.

— …தம்பி, அந்தப் புள்ளை போயி ஒண்ணரை மாசமாச்சு.

— தெரியும்.

— தெரிஞ்சுமா? செத்தவ வந்து கையெழுத்துப் போடுவாளா?

— விதியில அதுக்கு ஒண்ணும் எழுதல.

— எவன் எழுதுன விதி?

— நான் எழுதுனது. நான் அவ ஊட்டுக்காரன்.

— முருகா! நீங்களா மாப்பிள்ளை?

— நீங்க என்னை அங்க பாத்திருக்க மாட்டீங்க. தாய்வீட்டுக்குப் போனது அவதான். நான் இங்க இருந்தேன். தந்தி வந்து நான் போறதுக்குள்ள குளிப்பாட்டி வெச்சிருந்தாங்க. மருத்துவச்சின்னு ஒருத்தி நேரங்கழிச்சு வந்தான்னு மாமனார் சொன்னாரு. நீங்களா அது?

— நான்தான். நேரங்கழிச்சு வரல. வெள்ளிக்கெழமைக் காலையில வலி எடுத்ததுல இருந்து சனிக்கெழமை உச்சிப்பொழுது வரைக்கும் அந்த ஊட்டைத் தாண்டல. உசுரு போனதும் அவியதான் என்னை வெரட்டிப்போட்டாங்க. நானும் ஒண்ணும் சொல்லல. புள்ளையையும் தாயையும் பறிகுடுத்த ஊட்டுல நின்னு சண்டை போடறதா?

— ரெண்டு பேரும் போனது எதனாலீங்க?

— இதே மாதிரிதான். குறுக்கால. வலி எடுத்தப்பறம் கை முந்தி வந்துபோச்சு.

— புத்தகம் இருந்திருந்தா?

— தெரியாதுங்க.

— தெரியும். சொல்லுங்க.

— நெசமாத் தெரியாது தம்பி. தெரிஞ்சா மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போடுவேன். ஆடியில அவ வவுத்துப் புள்ளை சுலுவாத் திரும்புற பருவம். என்ற கையில படம் இருந்திருந்தா தள்ளிப் பாத்திருப்பேன். திரும்பியிருக்கும், திரும்பாமயும் இருந்திருக்கும்.

— அவ சீட்டு உங்களுக்காக எழுதுனதா?

— எனக்காகத்தான். வாசகசாலைச் சீட்டு எழுதறதெல்லாம் எனக்கு அப்பப் பழக்கமில்ல. 'நான் எழுதறேன் அக்கா, என்ற ஊட்டுக்காரரு அங்கதான் சீட்டுப் பிரிக்கறாரு'ன்னு பெருமையாச் சொன்னா.

— அந்தச் சீட்டை நான் கடைசியில வெச்சேன்.

— கடைசியிலயா? எதுக்கு?

— வாசகசாலையில வேலை பாக்கறவங்க ஊட்டுச் சீட்டு, எல்லாத்துக்கும் கடைசியிலதான். கூட்டு ஆரம்பிச்சப்ப நான்தான் எழுதுனேன். குமாஸ்தா தன் சொந்தக்காரனுக்கு முந்திக் குடுத்துட்டான்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க. கமிட்டியில எல்லாரும் கை தட்டுனாங்க.

— அவளுக்கு முன்னால எத்தனை பேரு?

— ரெண்டு பேரு. அவளுக்குப் பின்னால வந்தவங்க ரெண்டு பேரு. அவங்களையும் முன்னால ஏத்துனேன். அதுல ஒருத்தர் கருமத்தம்பட்டி வாத்தியார். பதினாலு நாளும் வெச்சிருந்துட்டுத் திருப்புனாரு. புத்தகத்துல பாதித் தாளு ஓரம் வெட்டாம, அச்சாபீசுல மடிச்ச மாதிரியே இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கு. கத்தி வெச்சுப் பிரிக்கக்கூட இல்ல.

— அய்யோ தம்பி.

— அந்த ரெண்டு பேர் இல்லாட்டி ஜூலை முப்பதுக்கு வந்திருக்கும். ஆகஸ்டு இருபத்தேழுக்கு வந்துச்சு. அவ போயி பன்னண்டு நாள் கழிச்சு.

— அவ உங்களுக்குக் காயிதம் போட்டாளே?

— போட்டா. 'புத்தகம் இன்னும் வரலீங்களே'ன்னு. பதில் எழுதுனேன்.

— என்னன்னு?

— 'சீட்டு வரிசையில் இருக்கிறது.' அவ்வளவுதான் எழுதுனேன்.

— மணி என்னங்க ஆவுது?

— ஒம்பதே கால்.

— தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. உங்க மனசுல இருக்கற பாரம் வேணுங்கறதில்ல. சாந்தாமணி சீட்டை எழுதுனதே தாமசமாத்தான். நான் ஆனியிலயே சொன்னேன். அவதான் மறந்துபோயி, ஆடி நோம்பியெல்லாம் கழிச்சு எழுதிக் குடுத்தா. நீங்க மொதல்ல வெச்சிருந்தாலும் வந்திருக்காது. உங்க மேல தப்பில்ல. இப்பப் புத்தகத்தைக் குடுங்க.

— இதைப் பாருங்க.

— என்னதுங்க?

— அவ சீட்டு. மூலையில அவிநாசி முத்திரை. தேதியைப் படிங்க.

— ஜூலை… ரெண்டு.

— ஆனி பதினெட்டு. நீங்க சொன்ன அன்னிக்கோ, அடுத்த நாளோ எழுதியிருக்கா. எதுக்குப் பொய் சொல்றீங்க?

— புத்தகம் வேணுமே தம்பி. வேறென்ன பண்ணச் சொல்றீங்க? ராசாத்தாளுக்கு ரெண்டு நாளா அடிவவுறு இறுக்குதாம். நான் இன்னிக்கு வெறுங்கையோட போனா, நாளைக்கோ நாளானிக்கோ அங்கயும் குளிப்பாட்டி வெப்பாங்க. அவ ஊட்டுக்காரன் வந்து உங்களைக் கேக்கமாட்டான். ஏன்னா அவனுக்கு இந்த டிராயரு தெரியாது. எனக்குத் தெரியும்.

— இந்தாங்க, டிராயரைத் தொறந்துட்டேன். ஆனா அவ சீட்டை அடிக்க என்னால முடியலீங்க.

— சீட்டை அடிக்க முடியாட்டி குடுங்க, நான் அடிக்கறேன். பாவம் என்ற தலையில வரட்டும்.

— வேண்டாம். அடிக்க வேண்டாம்.

— தம்பி!

— அவ சீட்டுலயே எடுத்துட்டுப் போங்க. இந்தாங்க பேனா. 'சாந்தாமணிக்காகப் பெற்றுக்கொண்டேன்'னு எழுதி, கீழ உங்க பேரைப் போடுங்க. உங்களுக்காகத்தானே கேட்டா. வரிசை அவளோடது. வாங்கறது நீங்க.

— எழுத்து கோணலாத்தான் வரும்.

— பரவால்ல.

— இந்தாங்க. போட்டாச்சு.

— இருங்க, இந்தக் கத்தியில ஒட்டுன தாளையெல்லாம் பிரிச்சுக் குடுத்தர்றேன். பஸ்ஸுல உங்களால முடியாது. எந்தப் பாகம்?

— குறுக்கால கெடக்கற புள்ளைன்னு தலைப்புப் போட்டிருக்கும். மெதுவா… கிழிச்சுப்போடாதீங்க… இதுதான்! இந்தப் படந்தான். பாருங்க, தலையில ஒரு கை, கால்மாட்டுல ஒரு கை. ரெண்டும் ஒண்ணா, எதுரெதுராத் தள்ளோணும். கொஞ்சம் கொஞ்சமா. அடக் கடவுளே, இவ்வளவுதான். இவ்வளவேதான்.

— இவ்வளவுதானா?

— …நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.

— சொன்னது சரிதான். வெள்ளிக்கெழமைக்குள்ள திருப்பிக் குடுத்துருங்க. பொள்ளாச்சிக்கு நான் இன்னிக்கே எழுதறேன். வரலன்னு பொய் சொல்லிப் புத்தகத்தை மறைச்சேன்னும் எழுதறேன்.

— வேலை போயிருமே.

— போகட்டும். ராசாத்தாளுக்கு எப்படி ஆச்சுன்னு ஒரு கார்டு போடுங்க. எதுவா இருந்தாலும்.

— போடறேன். வாரேனுங்க தம்பி. பஸ்ஸை உட்டுப்போடுவேன்.

— ஒண்ணே ஒண்ணு. அவ கடைசியா என்ன சொன்னா? 'முருகா'ன்னு சொல்லிக் கண்ணை மூடுனான்னு மாமனார் ஊட்டுல சொல்றாங்க.

— ஊருக்கு அப்படிச் சொன்னாத்தான் நல்லாயிருக்கும். அவிய யாரும் உள்ள இல்ல. நான் மட்டுந்தான் இருந்தேன்.

— அப்பச் சொல்லுங்க.

— வேண்டாந் தம்பி.

— பொய்யே வேண்டாம்னுதான் கேக்கறேன். அவ வாயில இருந்து வந்ததை, வந்த மாதிரியே சொல்லுங்க.

— என்ற கையப் புடிச்சுக்கிட்டா. இதைத்தான் சொன்னா, அதுக்கப்பறம் பேச்சே இல்ல. 'அக்கா, அவரு கேட்டா, சீட்டை நான்தான் தாமசமா எழுதுனேன்னு சொல்லிப்போடுங்க.'