அடுத்த மாடல் இஞ்சின்

அருள்புரத்தில் உதிரிபாகக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஊன்றுகோலுடன் நின்றவர் தன் மெக்கானிக்கிடம், "என் முட்டிக்குள்ள பிளேட்டு வெச்ச மாதிரி வண்டிக்குள்ளயும் ஒதைக்காம ஸ்டார்ட் ஆகறதுக்கு எதாச்சும் வெச்சுருங்க," என்றார். பக்கத்தில் அவர் மனைவி.

"இது ஜப்பான்காரன் மொதல்ல விட்ட மாடலு அண்ணாச்சி. கிக்கர் மட்டுந்தான். அடுத்த மாடல்லதான் செல்ஃப் ஸ்டார்ட் வந்துச்சு. இந்த இஞ்சின்ல அந்த மோட்டாருக்கு இடமே கெடையாது."

"அடுத்த மாடலு இஞ்சினையே மாட்டுனா உக்காருங்களா?"

"உக்காரும். ஆனா பழைய வண்டிக் கண்காட்சியில ஒரிஜினல்னு சேக்க மாட்டாங்க."

அவர் வருடக்கணக்கில் பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்த வண்டியாம்.

மனைவிதான் சொன்னார்: "மாத்திருங்க தம்பி. அடிபட்டதுல இருந்து தெனமும் வண்டியத் தொடச்சுட்டு ஊட்டுக்குள்ள வந்து படுத்துக்கறாரு. மறுபடி இவரு பின்னால உக்காந்து நான் சந்தைக்குப் போகோணும்."