பின் சீட்டில் ஏறியவர்

நம்ம லேத்துக்காரர் இருக்கிறாரே, அவருடைய தங்கை வீட்டுக்காரருக்கு நடந்தது இது. ஆள் கார் மெக்கானிக். பேய் என்று யாராவது வாயெடுத்தால் "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று எரிந்து விழுகிற ரகம். எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள். பாதியில் "துணைக்கு வா" என்று என்னைக் கூப்பிடக் கூடாது, ஆமாம்!

மணி ஏழு. மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருக்கிறது... ஊருக்கு வெளியே ஒரு சாலை. விளக்கு கிடையாது, அக்கம்பக்கம் கிடையாது. ஓரத்தில் மெக்கானிக்கின் தகரக் கொட்டகை. பின்னாலேயே வீடு. வீட்டில் நிறைமாதமாக மனைவி.

கொட்டகையில் ஒரு பழைய கார். நம் எல்லோருக்கும் மூத்தது. விற்றவர்களிடம் யார் ஓட்டிய வண்டி என்று கேட்டதற்கு மழுப்பிவிட்டார்களாம். பாடியைச் சேஸிஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்து முறிந்து போயிருந்தன. அப்படியே ஓட்டினால் சக்கரம் ஒரு பக்கம் போகும், சீட்டு ஒரு பக்கம் போகும். ஆனால் வீட்டில் இருந்த ஒரே வண்டி அதுதான். வலி எடுத்தால் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

முறிந்த துண்டுகளை எல்லாம் துளை போட்டு எடுத்தாகிவிட்டது. புது போல்ட்டுகளைப் பின் சீட்டுக்கு அடியில் செருகியும் வைத்துவிட்டார். இனி முடுக்க வேண்டியதுதான். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காருக்குள் உட்கார்ந்து போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடிக்க வேண்டும், இன்னொருவர் அடியிலிருந்து நட்டை முடுக்க வேண்டும். பிடிக்க ஆளில்லை என்றால் நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றும். பிடிக்க வருவதாகச் சொன்ன லேத்துக்காரரைக் காணோம்.

பொறுத்துப் பார்த்த மெக்கானிக், எரிச்சலோடு காருக்கு அடியில் வெட்டியிருந்த பள்ளத்தில் இறங்கி ஒரு நட்டைத் திருகினார். கர்ர்ர்... கர்ர்ர்... போல்ட் கூடவே சுற்றியது. அப்போது பின்கதவு திறந்தது. க்றீச்... ஸ்பிரிங் அமுங்கியது.

"வந்துட்டீங்களா மச்சான்? ஆடி அசைஞ்சு வர்ற நேரமா இது? பிடிங்க!"

சுற்றிக்கொண்டிருந்த போல்ட் நின்றது.

ஒரு நட்டு... அடுத்தது... சொல்லச் சொல்ல மேலே பிடி விழுந்தது. நல்ல பிடி. ஆனால் பேச்சே இல்லை. ஈரத் துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்தால் வருமே, அந்த வாடை மட்டும் போல்ட் ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கியது. கடைசி நட்டும் இறுகியபோது போன் அடித்தது.

"கோவிச்சுக்காதீங்க மாப்ளே. இப்பதான் லேத்தை விட்டே கிளம்புறேன்."

மெக்கானிக் போனைக் காதிலிருந்து எடுத்தார். மேலே யாரோ மூச்சு விட்டார்கள்... நிதானமாக.

எப்படி ஏறினாரோ, வெளியே வந்து டார்ச் அடித்தார். காருக்குள் யாரும் இல்லை. போல்ட்டைப் பிடிக்க வேண்டிய ஸ்பேனர் இன்னும் மேசைமேல்தான் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் அலறல். பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பேயைவிட அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் அந்த மனுஷன் அதிகம் பயந்தார், பாவம். மனைவியைத் தூக்கி வந்து பின் சீட்டில் கிடத்தினார். பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டார். பார்க்கத் தைரியம் இல்லை.

கார் ஆடவில்லை, ஒரு சத்தம் இல்லை. துடித்துக்கொண்டு வந்தவள் பாதி வழியில் அடங்கிப்போனாள்.

"ஏம்மா... என்னம்மா?"

"ஒண்ணுமில்ல... நீங்க ஓட்டுங்க."

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். லேத்துக்காரர் ஓடி வந்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். இருவரும் சிரித்துக்கொண்டே கட்டிலருகே போனார்கள். கண் விழித்தவள் கேட்டாள்.

"அந்தம்மா போயிட்டாங்களா?"

"எந்தம்மா?"

"பின்னாடி என்கூட வந்தாங்களே, அவங்கதாங்க. வழி பூரா கையை விடவே இல்ல. அவங்க மட்டும் இல்லேன்னா நான் செத்திருப்பேன்."

லேத்துக்காரர் குனிந்து கேட்டார். "ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?"

"குழந்தையைத் தர்றியான்னு கேட்டாங்கண்ணே. எனக்கோ வலியில உசுரு போகுது... சரி, எடுத்துக்கங்கன்னுட்டேன்."

தொட்டிலில் அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, யாரோ தூக்கிக்கொண்டதுபோல, சட்டென்று அழுகையை நிறுத்தியது.