ஏரிக்கரையில் ரிவர்ஸ்

விடியற்காலை நாலரை மணி. ஒரகடம் ஏரிக்கரை ரோடு... ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பனைமரம். ஆள் நடமாட்டம் கிடையாது.

இதைச் சொல்லும்போதெல்லாம், என் சிநேகிதியின் வீட்டுக்காரருக்கு நடந்தது என்றுதான் ஆரம்பிப்பேன். இன்று கரண்ட் இல்லை. சுற்றி உட்கார்ந்திருக்கும் யார் முகமும் யாருக்கும் தெரியாது. அதனால் சொல்கிறேன்... அவர் என் வீட்டுக்காரர். ரங்கு.

"யக்கா, வேணாங்க்கா..." என்றாள் பக்கத்து வீட்டு கங்கா. சொல்லிக்கொண்டே என் தோளோடு ஒட்டிக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்று, ஐப்பசி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் அவருக்கு வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. விடிவதற்குள் டீக்கடைகளுக்கு பன் போட வேண்டும். முதலாளி ஓர் அட்டை கொடுத்திருந்தார். வண்டி ஓட்டப் பன்னிரண்டு விதிகள். ஒரு மாதத்துக்குள் தப்பில்லாமல் ஒப்பித்தால்தான் வேலை நிரந்தரம்.

ராத்திரி அட்டையை நான் பிடித்துக்கொள்வேன். அவர் ஒப்பிப்பார். ஆறு வரை கடகடவென்று வரும். ஏழில் நின்றுவிடும்.

ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஏழு.

"பின்னாடி தட்டறதுக்கு ராமன் கீறான். நான் இன்னாத்துக்கு எறங்கணும்?" என்பார்.

ராமன் வேனில் கூடப் போகிற ஆள். பின்கதவில் இரண்டு தட்டு தட்டினால் வரலாம். ஒரே தட்டு என்றால் நிறுத்து. எல்லா வண்டியிலும் அதுதான் வழக்கம்.

அதனால் அவர் ஏழில் நிற்கும்போது நான் தகரப் பெட்டியை இரண்டு தட்டு தட்டுவேன். டப்... டப். பச்சை வளையல் குலுங்கும். "ஆங்... ரிவர்ஸ்!" என்று சிரிப்பார்.

மாதக் கடைசியில் ராமனுக்குக் காய்ச்சல். அவர் தனியாகப் போனார். ஏரிக்கரை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அதற்கப்புறம் ரோடு இல்லை. பன் போட்டுவிட்டு ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

"பின்னாடி ரெண்டு தட்டு கேட்டுச்சு. பழக்கத்துல வந்துட்டேன். அப்பறந்தான் ராமன் இல்லியேன்னு... பிரேக்கப் போட்டு எறங்கிப் பாத்தா, வீலுக்கும் தண்ணிக்கும் ஒரு சாண்."

"டீக்கடைக்காரரு தட்டியிருப்பாரு."

"அவரு அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்தாரு." என் கையைப் பார்த்தார். "வளையல் சத்தம் கேட்டுச்சுடி. உன்னுது மாதிரியே."

ராமனுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. மறுநாள் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒப்பிக்க நாலு நாள்தான் பாக்கி இருந்தது. சொல்லவில்லை. அன்று ராத்திரி முழுக்க ஏழாம் விதியையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் திணறினார். நான் தட்டினேன். திணறினார்... தட்டினேன்.

அவர் கிளம்பியது எனக்குத் தெரியாது. அசந்து தூங்கியிருக்கிறேன். விழித்தபோது புடவைக் கரை ஈரம். பாசி நாற்றம். கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்தேன்.

எட்டு மணிக்கு வந்து சொன்னார்கள். வேன் ஏரிக்குள். கியர் ரிவர்ஸில். தண்ணீரெல்லாம் பன் மிதந்ததாம்.

போலீஸ்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். அவருடைய செருப்பு. ஊறிப்போன அட்டை. அப்புறம், பின்கதவுக் கொண்டியில் சிக்கியிருந்த ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு... அதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

பத்தாம் நாள். வளையல் உடைக்க சரோஜா அத்தை என் வலது கையைப் பிடித்தாள். பிடித்தவள் உடைக்கவில்லை. எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"தீபாவளிக்கு நான்தானேடி வாங்கியாந்தேன், கைக்கு ஆறு. இதுல அஞ்சுதான் கீது. ஒண்ணு எங்க?"

நான் சொல்லி முடித்தேன். கங்கா என் தோளிலிருந்து தலையை எடுத்தாள். சத்தமில்லாமல்... கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.