தலைக்கனம் பேசுகிறேன்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியாரே! அண்ணனின் ஒரே மகளே! எண்ணெய்க் கறை படிந்த கையோடு, வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கும் லிப்ட் பிரிவுத் தோழர்களே! இந்த இரங்கல் கூட்டத்துக்கு நான் அழுவதற்கு மட்டும் வரவில்லை. ஒரு பொருளை ஒப்படைக்க வந்திருக்கிறேன். அதைக் கொடுத்துவிட்டால்தான் எனக்கு மூச்சு சீராகும்.

முப்பத்தோராண்டு நம் தலைமை மெக்கானிக்காக இருந்தவர் 'பரவாயில்லை' அண்ணன். ஏன் அந்தப் பெயர்? மோட்டாரைப் பிரித்துப் பூட்டி, வடம் மாற்றி, ஏழு மாடியும் அலுங்காமல் ஏறும் லிப்டைக் காட்டி "எப்படிண்ணே?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியுமா? முடியாது! தன் வேலைக்கும் அதே சொல், பிறர் வேலைக்கும் அதே சொல். பெருமைப்படுவதே பாவம் என்று வாழ்ந்த மனிதர்.

நானோ, ஒரு திருகை முடுக்கினாலும் தெருவுக்கே சொல்லுகிற ஆள். "யோவ் தலைக்கனம்!" என்று அவர் கூப்பிட்டார், அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள்! இருபது வருடம் அது எனக்குள் முள்ளாகக் குத்தியது உங்களுக்கு எங்கே தெரியும்?

அவர் மகள் லிப்ட் ஆய்வாளர். நான்கு ஆண்டுக்கு முன், அப்பா சரிசெய்து முடித்த லிப்டையே சோதிக்க வந்தார். வெளியாருக்காகச் சொல்கிறேன்: லிப்டின் எடையைச் சமன்செய்ய, எதிர்ப்பக்கம் இரும்புக் கட்டைகள் அடுக்கிய ஒரு கனம் தொங்கும். அதில் இரண்டு கட்டை கூடுதல் என்று கண்டுபிடித்தார். அத்தனை பேர் முன்னாலும் "லிப்டை நிறுத்துங்க" என்று எழுதி அப்பாவிடம் நீட்டினார். அண்ணன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பரவாயில்லை" என்றார். அங்கிருந்து நடந்துவிட்டார். அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று இந்தப் பெண் அன்று முதல் மருகினார். அதன்பிறகு வீட்டில் தன் வேலையைப் பற்றி வாயே திறந்ததில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, பெருமைப்படுறது பாவமா?"

"பாவம்னுதான் இருந்தேன். ஆனா, 'நான் பெருமையே பட்டதில்ல'ன்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை இருந்துச்சு பாரு, அத எதுல சேர்க்கிறது?" சிரித்தார், இருமினார்.

"அப்ப எனக்கு ஏன் தலைக்கனம்னு பேர் வெச்சீங்க?"

"திட்டுறதுக்கா வெச்சேன்? போய்யா! கனம் இல்லாம லிப்ட் ஏறுமா? மோட்டாருக்கு மூச்சு முட்டிடும். ஆனா அளவா இருக்கணும். கூடினா லிப்ட் கூரையில போய் இடிக்கும். நீ உன் தலையில ரெண்டு கட்ட கூட வெச்சிருந்த. நான் என் தலையிலேர்ந்து மொத்தத்தையும் கழட்டிப் போட்டுட்டேன்."

ஐயா, என் இருபது வருடத்து முள் அந்த நிமிடமே உதிர்ந்தது!

பிறகு தலையணைக்கடியில் கைவிட்டு அந்தத் தாளை எடுத்தார். "அப்பன்னுகூடப் பாக்காம நிறுத்துனா பாரு! அன்னைக்கு மெஷின் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு சந்தோஷத்துல அழுதேன்யா."

"அவகிட்ட சொல்லுங்கண்ணே!"

"வாய் வரலியே. நேத்து வந்தா. சொல்லணும்னு வாயத் தொறந்தேன், 'சாப்ட்டியா'ன்னு கேட்டுட்டேன். எனக்குக் கூட்டம் போடுவீங்கல்ல? மைக் கெடச்சா நீ லேசுல விடமாட்ட. அங்க சொல்லிடு."

சொல்லிவிட்டேன் அண்ணே! பாரம் இறங்கிவிட்டது!

தோழர்களே, அவர் விட்டுச்சென்ற வேலையை நாம் தொடர்வோம். கனத்தை எண்ணிப் பார்த்த பிறகே கதவைச் சாத்துவோம். நல்ல வேலையைக் கண்டால், செய்தவர் முகத்துக்கு நேரே சொல்லுவோம். கூட்டம் போடும்வரை காத்திருக்க மாட்டோம்!

அம்மா, எழுந்து வா. இதோ உன் தாள். பின்பக்கம் திருப்பிப் பார். 'பரவாயில்லை' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே 'அருமை' என்று எழுதியிருக்கிறார் உன் அப்பா.