சிங்கத்தின் வாயில் ஊர்ச் சாவி

— தொடாதீங்கம்மா, தொடாதீங்க! பொன்முலாம் பூசின வெண்கலம். பன்னெண்டு மணிக்கு ஓட்டல்காரர் வந்து எடுத்துக்கிட்டுப் போறதாப் பேச்சு.

— எங்க ஊர்ச் சிங்கத்தை நான் தொடக்கூடாதாக்கும்? நல்லாருக்குய்யா உங்க நியாயம்!

— மாட்ரிட் பழம்பொருள் சந்தையில ஞாயித்துக்கிழமை கடை விரிச்சா இதே தொல்லை. வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஏதோ ஒண்ணு பாட்டன் சொத்து.

— பாட்டன் சொத்து இல்லை, எவரிஸ்தோ ஐயா. மொந்தலோபா ஊர் மன்றத்துச் சொத்து. வாசப்படிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சிங்கம், ஒரு கையால கேடயத்தைப் பிடிச்சுக்கிட்டு. இவன் வலதுபக்கத்தான். உள்நாட்டுப் போர்ல லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. இடதுபக்கத்தான் இன்னமும் ஒத்தையா உக்காந்து கிடக்கான்.

— கேடயத்துல கோட்டைச் சின்னம் போட்டிருக்கு, அதனால உங்க ஊரா? இந்த நாட்டுல எந்தக் கேடயத்துலம்மா கோட்டை இல்லை? ஆதாரம் வேணும்.

— ஆதாரம்தானே? ஆட்டிப் பாருங்க.

— எதை?

— சிங்கத்தை. உள்ள கடகடன்னு சத்தம் வரும்.

— வரும், வரும். வார்ப்புல உடைஞ்ச துண்டு. பாக்குறவன் எல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கே எரிச்சல்.

— துண்டா? அது ஊர்ச் சாவிய்யா! எங்க ஊர்ல பழைய தலைவர் மன்றச் சாவியை யார் கையிலயும் குடுக்க மாட்டார். இவன் வாயில வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவார். புதுத் தலைவர் ஊர் பாக்கக் கையை விட்டு எடுக்கணும். எடுத்தாத்தான் தலைவர், அம்புட்டுத்தான். சாவி வாயில இருந்த அன்னைக்குத்தான் லாரி வந்துச்சு.

— அப்புறம் உங்க ஊர்ல தலைவரே இல்லையா?

— நாற்காலியில உக்காந்தவங்க நெறைய. சாவி எடுத்தவங்க ஒருத்தர் இல்லை. இன்னைக்குச் சாயங்காலம் நான் பதவி ஏக்கணும். என்கிட்டத் தோத்துப்போன ராமிரோ நடுத்தெருவுல நின்னு கேக்குறான், ‘காசில்டா, ரொட்டி சுடுற கைக்குச் சாவி எதுக்கு’ன்னு. நெஞ்சு கொதிக்குதுய்யா எனக்கு.

— சரி, கோவிக்காதீங்க. முன்னால சாய்க்கிறேன். டார்ச்சை இப்படிக் குடுங்க... அடக் கடவுளே! தொண்டையில இரும்பு வளையம் தெரியுது!

— இப்ப என்ன சொல்றீங்க?

— சாவி உங்களோடது. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. சிங்கம் என்னோடது. வியாபாரம் வேற, மனசு வேறம்மா.

— நீங்க போட்ட காசை ஊர் குடுத்துடும்.

— ஓட்டல்காரர் அதுக்கு மேல குடுக்கிறார். சீக்கிரம் எடுங்க, அவர் வர்ற நேரம்.

— சரி, எடுக்கிறேன்... ஐயையோ!

— என்ன?

— கை வரலை.

— விளையாடாதீங்க.

— விளையாடுற மூஞ்சியா இது? வளையத்துல விரல் மாட்டிக்கிச்சுய்யா! சாவியை விடவும் முடியலை, இழுக்கவும் முடியலை!

— இருங்க, சோப்பு... சோப்பு எங்க வெச்சேன்? ஆலிவ் எண்ணெய் ஊத்துறேன்.

— ஊத்துங்க. ம்ஹூம்.

— அறுத்துடலாமா?

— எதை? என் கையையா, சிங்கத்தையா?

— ரெண்டும் வேணாம் தாயே! போச்சு, ஓட்டல்காரர் வந்துட்டார்!

— வரட்டும். அவர் ஓட்டல் வாசல்ல எனக்கும் சேத்து ஒரு பீடம் போடச் சொல்லுங்க.

— ஐயா! கொஞ்சம் நில்லுங்க! ஐயா!... உங்களைப் பாத்துட்டுத் திரும்பியே போயிட்டார். என் வயித்துல அடிச்சிட்டீங்களேம்மா!

— புலம்பாதீங்க. எங்க ஊர் மாட்டு வைத்தியர் பசிலியோ வயித்துல கன்னுக்குட்டி குறுக்கே மாட்டினாலே கையை விட்டு எடுத்துடுவார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு ரெண்டு பேருமாத் தூக்குங்க. நான் கூடவே நடந்து வாரேன். வண்டியை எடுங்க.

— சிங்கத்தையும் உங்களையும் ஒண்ணா ஏத்தவா? சந்தையே சிரிக்குதேம்மா!

— சிரிக்கட்டும். வழியில ரொட்டியும் பன்றித்தொடைக் கறியும் வாங்கித் தாரேன், ஓட்டுங்க.

— வந்தாச்சு, அதோ உங்க ஊர். என்ன இது, கோயில் மணி அடிக்குது? திருவிழாவா?

— இவனுக்குத்தான். மாட்டினது ஒரு கைதானே, இன்னொரு கையால போன் போட்டுச் சொல்லிட்டேன்.

— மன்றத்து வாசல் முழுக்க ஜனம்! ஒரு ஆள் தொப்பியைக் கழட்டுறார்.

— அவன்தான் ராமிரோ. கண் குளிரப் பாக்கட்டும்! ஏய், நாலு பேர் வாங்கப்பா, மெதுவா இறக்குங்க. வலதுபக்கப் பீடம். இன்னும் கொஞ்சம் திருப்புங்க... ஆங்! இப்பத்தான்யா ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பாக்குறாங்க.

— எனக்கே கண்ணு கலங்குதும்மா. சிங்கம் இங்கயே இருக்கட்டும், என் காசை மட்டும் குடுத்துடுங்க. முதல்ல அந்த வைத்தியரைக் கூப்பிடுங்க, பாவம் உங்க கை.

— அவர் எதுக்கு, எவரிஸ்தோ ஐயா? சாவியைக் குறுக்கே பிடிச்சா கை வராது, நெடுக்கே திருப்பினா வழுக்கிக்கிட்டு வந்துடும். எங்க ஊர்ல அது எல்லாருக்கும் தெரியும். இந்தாங்க பாருங்க, சாவி!