எலிசாள் எழுதிய ‘நாங்கள்’

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஆரியசாலை வணிகர் சங்கத் தலைவர் லிங்கம் அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த எலிசாள் அம்மையாரின் கணவர் ஜெயன் ஆசிரியர் அவர்களே! கல்லாற்றிலிருந்து மழையில் பஸ் மாறி வந்திருக்கும் செவிலியர் ஷெமி அவர்களே! எங்கள் ஆய்வுக்குழுவின் ரேஷ்மி முதலான தோழர்களே! கடையை அரைநாள் அடைத்துவிட்டு வந்திருக்கும் சாலைக் கடைத்தெருப் பெருமக்களே! அந்தக் குழுவின் தலைவன் பஞ்சாபகேசன் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் எழுதிக்கொண்டு வந்த உரை சட்டைப்பையில் இருக்கிறது. அதை வெளியே எடுக்கப் போவதில்லை. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. இங்கே வந்து ஜெயன் முகத்தைப் பார்த்த பிறகு, அதில் பாதி பொய் என்று தெரிகிறது.

முதுநிலை ஆய்வுப் பொறியாளர் எலிசாள்! பாறசாலையில் பிறந்தவர். நாற்பத்தாறு வயது. “தலை வலிக்கி சார், மத்தியானம் வீட்டுக்குப் போறேன்” என்று ஒரு திங்கட்கிழமை சொன்னார். எலிக்காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லை. இன்றைக்கு இருபத்துமூன்றாம் நாள். அவருடைய நாற்காலியில் தொங்கும் குடையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. யாருக்குத் துணிவு வரும்?

அவர் என்ன வேலை செய்தார் என்று இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரியாது. அது உங்கள் குற்றமா? இல்லை. புரியும்படி சொல்ல நாங்கள் மெனக்கெட்டதே இல்லை. கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் மகளோடு முகம்பார்த்துப் பேசுகிறீர்கள். பேசிக்கொண்டே தெருவில் இறங்கினால் கடை வைஃபை விட்டுப்போகிறது, படம் உறைந்து நிற்கிறது, மறுபடி அழைக்க வேண்டியிருக்கிறது. ஏன்? ஓர் இணைப்புக்கு ஒரே வழி என்பது கணினியின் பழைய விதி. அதே இணைப்பை ஒரே சமயத்தில் இரண்டு வழிகளில் கொண்டுபோனால்? கேபிள் அறுந்தால் செல்போன் கோபுரம் வழியே, கோபுரம் படுத்தால் கேபிள் வழியே, பேச்சு முறியாமல் போகுமே! அதற்கான நிரலைத்தான் எலிசாள் எழுதினார். விற்பதற்காக அல்ல! பல நாட்டுக்காரர்கள் கூடி எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் ஓர் இயங்குதளத்துக்காக. ஆறு வருடம் எழுதினார்!

அதை முதலில் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தவர் யார்? இதோ, லிங்கம் அண்ணாச்சி. அவருடைய கோடவுனில் ஒரு கேமரா. ஆரியசாலைக் கடையில் அதைக் காட்டும் திரை. இரண்டுக்கும் நடுவே எலிசாளின் நிரல் ஓடும் எங்கள் பெட்டிகள். எலிசாள் கடையில் நின்று, “அண்ணாச்சி, கேபிளப் பிடுங்கட்டா?” என்று கேட்டார். “பிடுங்கும்மா.” பிடுங்கினார். திரையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆள் அப்படியே இறக்கிக்கொண்டிருந்தார்! அண்ணாச்சி, நீங்கள் கல்லாவை விட்டு எழுந்து நின்று கைதட்டினீர்கள். நினைவிருக்கிறதா?

அந்தக் கைதட்டல் எனக்குத் தலைக்கேறிவிட்டது. இனி நான் சொல்லப் போவது ஷெமிக்கும் ரேஷ்மிக்கும் ஜெயனுக்கும் மட்டும்தான் தெரியும். நீங்களும் கேளுங்கள்.

எங்களுக்கு உதவித்தொகை தரும் அமைப்பின் அதிகாரிகள் அடுத்த மாதம் பார்வையிட வருவதாக இருந்தது. கடைக் கேமராவைக் காட்டினால் போதுமா? பெரிதாக ஏதாவது காட்ட வேண்டாமா? கல்லாற்றில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவ நிலையம். அங்கே ஷெமி நெஞ்சுவலிக்காரர்களுக்கு ஈசிஜி எடுத்து நகரத்து மருத்துவருக்கு அனுப்புவார். மழை பிடித்தால் பாதியில் இணைப்பு போய்விடும். அங்கே நான் எங்கள் பெட்டியை வைத்தேன். “இன்னும் ஆறு மாசம் சோதிக்கணும் சார்” என்று எலிசாள் சொல்லியிருந்தார். அவரிடம் கேட்காமல், அவரிடம் சொல்லாமல் வைத்தேன்.

அங்கே பெட்டி வைத்த பத்தொன்பதாம் நாள் காலையில் அண்ணாச்சியிடமிருந்து எலிசாளுக்கு ஒரு போன். “அம்மா, ஒரு கூத்தப் பாரும். திரையில மேல்பாதியில கோடவுன் கதவு பூட்டிக் கெடக்கு. கீழ்ப்பாதியில ஒருத்தன் மூட்டையோட உள்ள நிக்கான்!” எலிசாள் ஓடிப்போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நேரே என் அறைக்கு வந்தார்.

“சார், ரெண்டு வழியா வந்த படத்துண்டு எடம் மாறி உக்காந்திருக்கு.”

“ஒரு படம்தானேம்மா. அதிகாரிகள் வந்துட்டுப் போகட்டும், பாத்துக்கலாம்” என்றேன்.

“நெட் நின்னுபோச்சுன்னா ஆளுக்குத் தெரியும், திரும்ப அனுப்பும். இது நிக்கல்ல சார். தப்ப சரின்னு காட்டுது. இது வேற எங்கயும் இல்லல்லோ?”

நான் அப்போதுதான் கல்லாற்றைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! “எத்தன நாளாச்சு?” என்று மட்டும் கேட்டார். பையை எடுத்தார். ரேஷ்மியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஷெமி அந்தப் பெட்டியைக் கழற்ற விடவில்லை. அவர்மேல் என்ன தவறு? “மேடம், இத கழட்டிட்டா மழை நாள்ல நாங்க பின்ன என்ன செய்யும்? நெஞ்சுவலின்னு வர்ற ஆள்கிட்ட நெட் வரட்டும்னு சொல்லவா?” என்று கேட்டார். எலிசாள் பத்தொன்பது நாளில் எடுத்த ஈசிஜி காகிதங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். அறுபத்துநான்கு காகிதங்கள். நகரத்துக்குப் போய்ச்சேர்ந்த ஒவ்வொன்றோடும் கோடு கோடாக ஒத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. பெட்டியைக் கழற்றினார். அதற்குப் பதிலாக, இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து மறுபடி அனுப்பி, போய்ச்சேர்ந்ததைச் சரிபார்த்துச் சொல்லும் சின்ன நிரல் ஒன்றை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். மெதுவானது, ஆனால் ஏமாற்றாதது.

நான் போனில், “பாத்தியாம்மா, ஒண்ணும் ஆகல்லியே” என்றேன்.

“ஆகாதது நம்ம சாமர்த்தியத்தால இல்ல சார்” என்றார்.

மறுநாள், அந்த இயங்குதளத்தை எழுதும் உலகக் குழுவுக்கு மூன்று வாக்கியங்களில் கடிதம் எழுதினார். ‘முழுமையடையாத எங்கள் நிரலை ஒரு மருத்துவ நிலையத்தில் நாங்கள் நிறுவினோம். அது தவறு. காரணம் தெரியும்வரை யாரும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.’

‘நாங்கள்’ என்று எழுதினார், பெருமக்களே! நாங்களா நிறுவினோம்? எலிசாளா நிறுவினார்? அந்தக் கடிதத்தின் கீழே இருந்தது அவர் பெயர் ஒன்றுதான். ஏச்சும் அவருக்குத்தான் வந்தது. அவர் கைபட்ட நிரலை இனி நம்ப முடியாது என்று ஒரு மூத்த மதிப்பாய்வாளர் எழுதினார். அதை உலகமே படித்தது. நானும் படித்தேன். ஜெயன் ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, “சார், நீங்க ஒரு வரி எழுதப்படாதா?” என்று கேட்டார். “எல்லாம் தானா அடங்கிடும்” என்று சொல்லி அனுப்பினேன். ஒரு காபி கூடக் கொடுக்கவில்லை.

உதவித்தொகை நின்றது. இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். எலிசாள் போகவில்லை. அந்தப் பிழையைப் பதினொரு மாதம் தேடினார்! இரண்டு வழியாக வரும் துண்டுகளை ஒழுங்காக அடுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண் நானூற்று இருபத்தொன்பது கோடியைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அது திரும்பும் அந்த நொடியில் ஒரு வழி அறுந்தால் அடுக்கு குலையும். ஒரு மணிநேரச் சோதனையில் அது எப்படி அகப்படும்? “அண்ணாச்சி கேமரா ராவும் பகலும் ஓடிட்டே இருக்கும் அல்லே சார்! அதான்! அதான்!” என்று அவர் கத்திக்கொண்டு வந்தது இப்போதும் என் காதில் கேட்கிறது. திருத்தம் பதினான்கே வரிகள்.

சென்ற ஆண்டு அந்தத் திருத்தத்தோடு அவர் நிரலை, பரிசோதனைப் பகுதியாக உலகக் குழு ஏற்றுக்கொண்டது. அவரை ஏசிய அதே மதிப்பாய்வாளர், தான் எழுதியதைத் திரும்பப் பெற்று நன்றி சொன்னார். எலிசாள் அதைப் படித்தார். “செரி, அடுத்தத பாப்போம்” என்றார். அவ்வளவுதான்.

நேற்று நான் அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘நாங்கள் அல்ல, நான்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு மனம் ஆறியதா? இல்லை! அவர் உயிரோடு இருக்கும்போது இதை எழுத எனக்கு எத்தனை நாள் இருந்தது! மூன்று வருடம், ஐயா! ஜெயன், இந்தச் சபையில் வைத்து என்னை மன்னித்துவிடாதீர்கள். நான் அதற்காக இதைச் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் கையில் உள்ள அழைப்பிதழின் கடைசி வரியைப் பாருங்கள். எலிசாள் அம்மையாரின் நிரலுடைய புதிய பதிப்பை அவருக்கு அஞ்சலியாக வருகிற திங்கட்கிழமை வெளியிடுகிறோம் என்று அச்சிட்டிருக்கிறோம்.

இன்று காலை பதினொரு மணிக்கு ரேஷ்மி என் அறை வாசலில் வந்து நின்றார். “சார், ரெண்டு வழியும் அறவும் இல்லாம ஓடவும் இல்லாம இழுத்துட்டே கிடந்தா, மெஷின் கொஞ்ச நேரத்துல தொங்கிப்போகுது” என்றார். நான் மேசையில் இருந்த அழைப்பிதழைப் பார்த்தேன். ‘திங்கட்கிழமை கழியட்டும்’ என்ற சொல் என் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வந்துவிட்டது, பெருமக்களே! எலிசாளைப் பறிகொடுத்த பிறகும்! நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இங்கே சொல்கிறேன். திங்கட்கிழமை வெளியீடு கிடையாது. அந்த வரியை அடித்துவிடுங்கள். எலிசாள் அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறத்தான் என்னை மேடையேற்றினீர்கள். தொடர்வோம்! ஆனால் எப்படி? இன்றுமுதல் எங்கள் குழுவில் பிழையைக் கண்டவர், நேற்று சேர்ந்தவராக இருந்தாலும், அந்த வேலையை நிறுத்தலாம். என்னிடம் கேட்க வேண்டியதில்லை. நான் வேண்டாம் என்று சொன்னாலும் நிறுத்தலாம். அதை எழுதிக் கையெழுத்திட்டு, பிரதியை ஜெயனிடம் கொடுத்திருக்கிறேன்.

புகழ் சொல்லி முடிப்பதுதான் வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை. ரேஷ்மி, மேலே வாம்மா. மைக்கைப் பிடி. காலையில் என்னிடம் சொன்னதை இவர்களுக்குப் புரியும்படி சொல். எத்தனை நேரம் ஆனாலும் நான் ஓரமாக நின்று கேட்கிறேன்.